மெத்தை மாதிரி ஒரு பிரேக்

எஞ்சின் ஓடவில்லை என்றால் அன்றைக்கே பட்டறைக்கு இழுத்து வருவார்கள், பிரேக் பிடிக்கவில்லை என்றால் மட்டும் பழகிக்கொள்வார்கள், இதுதான் எங்கள் தொழில். ஜெலுத்தோங்கில் நாற்பது வருஷமாகக் காடி, அதாவது கார், பழுது பார்க்கிறேன். படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் பெடலில் காலை வைத்தால் என்ன கோளாறு என்று என் காலுக்கே தெரியும். அப்படிப்பட்டவனை ஒரு பழைய காடி என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள். பட்டறை வைத்திருக்கும் உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நாலு பேர் சேர்ந்து நிறுத்திய காடி

ஸ்டெல்லா கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அப்பா விட்டுப்போன முப்பது வருஷத்துக் காடியில், கூட வேலை செய்யும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு தினமும் கடல்பாலத்தைக் கடப்பவர். முன்னும் லாரி, பின்னும் லாரி. ஒரு சனிக்கிழமை அந்தக் காடி என் வாசலில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது. நான் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். மெத்தையில் கால் வைத்த மாதிரி புதைந்தது. நாலு தடவை அடித்து மிதித்தால் கெட்டியாகிறது, கொஞ்சம் விட்டு மிதித்தால் மறுபடியும் மெத்தை. அநேகமாக பிரேக் எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கிறது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கொஞ்ச நாளாக என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இதை வைத்துக்கொண்டு பாலம் ஏறலாமா, நாலு உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அதற்கு அவர் சொன்னது: "பழகிப்போச்சுண்ணே. நான் பிரேக் போடறப்ப மத்த மூணு பேரும் அவங்கவங்க காலைத் தரையில அழுத்திக்குவாங்க. நாலு பேரும் சேர்ந்துதான் நிறுத்துறோம்."

வீடியோ வைத்தியர்

ஸ்டெல்லாவின் கணவர் அருள் கையில் ஒரு புது பிரேக் பம்ப்போடு வந்தார். கைப்பேசியில் வீடியோ பார்த்தாராம், பம்ப்தான் போயிருக்கிறதாம், மாற்றிவிட்டால் போதுமாம். எனக்கு எப்படி இருக்கும்? நோயாளியே மருந்து வாங்கிக்கொண்டு வந்து டாக்டரை ஊசி போடச் சொல்வது போல இருந்தது. பெடலை மிதித்து அப்படியே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பம்ப் கெட்டிருந்தால் கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். இறங்கவில்லை. போன இடத்திலேயே நின்றது. எண்ணெயும் ஒரு சொட்டு குறையவில்லை. பம்ப் நன்றாக இருக்கிறது, வாங்கினதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடு என்றேன்.

அருள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா வீடியோவில அவன் சட்டையில ஒரு பொட்டு அழுக்கில்ல. தெரியாமலா சொல்லுவான்?"

கைக்கு வாகான நிப்பிள்

காற்று எடுக்க ஆரம்பித்தேன். அருள் பெடலை மிதிக்க வேண்டும், நான் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறக்க வேண்டும், எண்ணெயோடு காற்றும் குமிழி குமிழியாக வெளியே வரும். மிதி, விடு, மிதி, விடு என்று தொண்டை வறண்டதுதான் மிச்சம். முன்சக்கரத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு, திருப்பி வைத்துவிட்டுக் கீழேயிருந்து கையை நுழைத்தேன். நிப்பிள் கைக்கு வாகாக இருந்தது. இவ்வளவு வாகாக இருக்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு போத்தல் எண்ணெய் தீர்ந்தும் குமிழி வரவில்லை, பெடலும் கெட்டியாகவில்லை.

பிறகு சக்கரங்களுக்கு எண்ணெய் போகும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கவ்வி மூடி மிதிக்கச் சொன்னேன். பின்பக்கம் மூடினால் மாற்றமில்லை. முன்பக்கம் இரண்டையும் மூடியதும் பெடல் கல் மாதிரி ஆனது. ஆக, காற்று முன்சக்கரங்களில்தான் ஒளிந்திருக்கிறது, வெளியேதான் வரமாட்டேன் என்கிறது. சரியாக மிதிக்கவில்லை என்று அருளைத் திட்டினேன். அவர் உள்ளேயிருந்தே சொன்னார்: "அண்ணே, காத்துக்கும் உங்களைப் பார்த்தா பயம் போல."

ரொட்டிக் கடை விசாரணை

முன்சக்கரத்தில் கை வைத்தது யார் என்று ஸ்டெல்லாவைக் குடைந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் கண்ணையாவிடம் பிரேக் பேட் மாற்றினேன் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார். கண்ணையா! நானும் அவனும் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர்கள். போல்ட்டை முறுக்கியதும் அதன் மேல் சாயப் புள்ளி வைக்க வேண்டும், எனக்கு வெள்ளை, அவனுக்கு மஞ்சள். எது கழன்றாலும் யார் வேலை என்று தெரிந்துவிடும். அது முதலாளி போட்ட சட்டம், இன்றைக்கும் இரண்டு பேரும் விடவில்லை. கண்ணையா என் பட்டறைக்கு எதிரிலேயே கடை போட்டு, என் வாடிக்கையில் பாதியைக் கொண்டுபோனவன். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

நேராக அவன் தினமும் பசியாறும் ரொட்டிக் கடைக்குப் போனேன். பசியாறிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், நாலு பெண்களைக் கொல்லப் பார்த்தாயே என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கொட்டினேன். அவன் தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தான். "சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துட்டு வந்து திட்டு, மணியம். நான் எங்கயும் ஓடல. இன்னும் ரெண்டு ரொட்டி சொல்லியிருக்கேன்லா."

துடைத்த போல்ட்

கழற்றினேன். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சக்கரத்தட்டைக் கவ்வும் காலிப்பர் இரண்டும் இடம் மாறியிருந்தன, இடதுபக்கத்தது வலதில், வலதுபக்கத்தது இடதில். மாற்றிப் போட்டாலும் பொருந்திவிடும், ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விடும். காற்றோ எப்போதும் மேலே போய் நிற்கும். கீழே திறந்தால் ஆண்டு முழுக்க எண்ணெய்தான் வரும். கண்ணையாவைக் கூப்பிட்டேன். ரொட்டிக் கடையே கூட வந்தது.

அவன் குனிந்து, தோளில் கிடந்த துணியால் காலிப்பரையே பிடித்து நிறுத்தும் பெரிய போல்ட்டைத் துடைத்தான். கறுப்பு போனதும் வெள்ளைப் புள்ளி. அடுத்ததைத் துடைத்தான். அதுவும் வெள்ளை. பேட் மாற்றுகிறவன் தொட வேண்டிய சின்ன போல்ட்டில் மட்டும் மஞ்சள். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தக் காடியின் காலிப்பரைக் கழற்றி உள் ரப்பர் மாற்றியது நான். இரண்டு காலிப்பரையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவியதும் நான். என் வேலையாயிற்றே என்று அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஏன் அப்போதே வந்து சொல்லவில்லை என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் சொன்னார்: "உங்ககிட்டருந்து எடுத்துட்டுப் போன அன்னைக்கே பெடல் அமுங்குச்சுண்ணே. சொன்னா கத்துவீங்கன்னுதான் கண்ணையா அண்ணன்கிட்ட போனேன்."

காலிப்பரை இடம் மாற்றிப் போட்டு நிப்பிளைத் திறந்தேன், எட்டு மாதத்துக் காற்று புஸ்ஸென்று வந்தது, பெடல் மேலேயே நின்றது. தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனாலும் கண்ணையா அந்த இரண்டாவது போல்ட்டையும் துடைத்திருக்க வேண்டியதில்லை.