இல்லாத பதவிக்கு ஒரு மனு

போன வருடம் கொழும்பிலிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். நான் நாற்பது வருடம் சிவில் எழுதுவினைஞனாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த படைத் தலைமையகத்தில், ஒரு மூத்த பதவியைப் பற்றிச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். படையில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவிப்பது, யாருக்குச் சேவைச் சான்று கொடுப்பது என்பதெல்லாம் அந்தப் பதவியின் பொறுப்பு. அதன் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை மாறிய பெயர், இன்னும் மாறக்கூடும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இன்றுவரை அதன் வரலாற்றை இரண்டு பக்கத்தில் தர வேண்டும் என்றார். பழைய ஆட்களில் உயிரோடும் ஞாபகத்தோடும் இருப்பவன் நான் ஒருவன்தானாம்.

"ரெண்டாவதுல எனக்குச் சந்தேகம் இருக்கு" என்றாள் என் மனைவி.

அதிகாரிக்கு ஒரு விஷயத்தில் மட்டும் அக்கறை. பதவி நேற்றுப் பிறந்தது போலத் தெரியக் கூடாது. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் அறுபடாமல் வந்தது என்று காட்ட வேண்டும். ஆதாரம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஆதாரம் இருந்தது. அதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

சட்டப்படி, சுதந்திரத்துக்குப் பின் பழைய படை கலைக்கப்பட்டது. புதுச் சட்டத்தின் கீழ் புதுப் படை உண்டானது. பழைய பதவி ஒழிந்தது. வேறு பெயரில் புதுப் பதவி பிறந்தது. சட்டம் அப்படிச் சொன்னதே தவிர, அலுவலகத்தில் ஒன்றும் ஒழியவில்லை. வெளியே போகும் கடிதங்களைப் பதியும் பேரேடு ஒன்று இருந்தது. அதில் 412ஆம் கடிதம் பழைய பெயரில் போயிருக்கிறது, 413ஆம் கடிதம் புதுப் பெயரில். நடுவே ஒரு வெற்று வரிகூட இல்லை. இரண்டையும் பதிந்த கையெழுத்தும் ஒன்றே. அந்த எழுதுவினைஞர் முதல் நாள் ஒரு பேரரசு அமைத்த படையின் கடிதத்தைப் பதிந்துவிட்டு, மறுநாள் ஒரு சுதந்திர நாடு அமைத்த படையின் கடிதத்தைப் பதிந்திருக்கிறார். பேனாவைக்கூட மாற்றியதாகத் தெரியவில்லை.

அந்தப் பேரேட்டை நான் திறந்த காரணத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது முப்பது வயது. இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்டத்து ஜனங்களை இங்கே இருப்பவர்கள், இந்தியாவுக்குப் போகிறவர்கள் என்று பிரித்துக்கொண்டிருந்த காலம். நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. மனுதாரர் உலக யுத்தத்தின்போது, பாதை வெட்டவும் மூட்டை சுமக்கவும் பழைய படையில் சேர்க்கப்பட்டவர். அந்த நான்கு வருடமும் தோட்டத்துப் பெயர்ப்பதிவில் அவர் பெயர் இல்லை. பிரஜாவுரிமை விசாரணையில், அப்போது நீ இந்தியாவில்தானே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். விடுவிப்புப் பத்திரத்தை, அவர் குடியிருந்த தோட்டத்து லயத்தில் கறையான் தின்றுவிட்டது. 'இவர் இன்ன காலத்தில் எம்மிடம் சேவை செய்தார்' என்ற ஒரு வரி கிடைத்தால் இங்கே இருப்பார். கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு கப்பல்தான்.

மனுவை எழுதியவர் பதுளைக் கச்சேரி என்ற அரசாங்கச் செயலகத்தின் வாசலில் மேசை போட்டிருந்த ஒரு கிழவர். ஆங்கிலத்தில் பிழையே இல்லை. ஆனால் அதைப் பதவியின் பழைய பெயருக்கு முகவரியிட்டிருந்தார்.

இல்லாத பதவிக்கு வரும் கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது விதி. திருப்பினேன். கூடவே நான் வரைந்த ஒரு குறிப்பையும் வைத்தேன்: 'இப்பதவி புதிய சட்டத்தினால் உண்டானது. முந்திய படையின் காரியங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.' மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். அன்று முழுவதும் அந்தப் பாராட்டோடு நடமாடினேன்.

அந்தக் கிறிஸ்மஸ் விடுமுறையில் பதுளை வீட்டுக்கு வந்திருந்தபோது, தோளில் துண்டோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான் கொழும்பில் எங்கே வேலை பார்க்கிறேன் என்று மனு எழுதும் கிழவர் சொல்லியனுப்பியிருக்கிறார். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான்காக மடித்த காகிதத்தை நீட்டினார். என் குறிப்பு. அடியில் என் சுருக்கொப்பம்.

"அந்த ஆபீசே இல்லைங்களாய்யா?"

"பழைய பேருல இல்ல. புதுப் பேருல இருக்கு."

"அப்ப இருக்குதானுங்களே."

"இருக்கு பெரியவரே. ஆனா நீங்க எழுதுன ஆபீஸ் இல்ல."

அவர் யோசித்தார். "எங்க தோட்டத்துல நாலு தொர மாறிட்டாங்க. பழைய தொர குடியிருக்கக் குடுத்த காம்பராவ, இது ஒங்க காம்பரா இல்லேன்னு புதுத் தொர யாரும் சொல்லலீங்களே?"

சட்டப்படி பதில் சொல்ல முடியும். சொல்லவும் தொடங்கினேன். அதற்குள் மனைவி தேநீரோடு வந்துவிட்டாள்.

"எப்பங்க கெடு?" என்று அவரிடம் கேட்டாள்.

"தை முடியறதுக்குள்ள காட்டணுங்கம்மா. இல்லேன்னா பேர அந்தப் பக்கம் எழுதிருவாங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அந்த ஒப்பம் என்னுடையது என்று சொல்லவில்லை. அவர் படலையைத் தாண்டியதும் மனைவி கேட்டாள்.

"அதுல இருந்தது ஒங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"தப்பான பேர வெட்டிட்டு மேல சரியானத எழுதியிருக்கலாமே. பேனாவுல மை இல்லையா?"

"வந்த கடுதாசியில நாம எதையும் எழுதக் கூடாது. அது விதி."

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொழும்புக்குத் திரும்பியதும் நன்றாகத்தான் தேடினேன். ஒரு தகரப் பெட்டியில் பழைய ஆட்பதிவேடு கிடைத்தது. அதில் அவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் இருந்தன. அதன் அடியில்தான் நான் சொன்ன கடிதப் பேரேடும் இருந்தது. 412, 413. என் குறிப்பு பொய் என்பது அந்தப் பக்கத்தில் எவரும் படிக்கும்படி இருந்தது.

அன்றே ஒரு வரி தட்டச்சு செய்து ஒப்பத்துக்கு வைத்திருந்தால் மேலதிகாரி போட்டிருப்பார். நான் வைக்கும் எதையும் அவர் வாசித்ததில்லை. ஆனால் மனு திருப்பப்பட்டிருந்ததால், விதிப்படி கையில் மனு இல்லை. ஆகவே சரியான பெயருக்குப் புதிதாக விண்ணப்பிக்கும்படி, மூன்று பிரதிகளில் ஒரு படிவத்தைத் தோட்டத்து முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

பங்குனியில் உறை திரும்பி வந்தது. 'இந்தியா போய்விட்டார்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

பிறகு ஒருமுறை ஹாலிஎல ரயில் நிலையத்தில் அந்தத் தோட்டத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். ரயிலேறிய அன்று வழியனுப்ப வந்தவர்களிடமெல்லாம் பெரியவர் ஒரே பதிலைத்தான் சொன்னாராம்: "எனக்கு வேல குடுத்த ஆபீச மூடிட்டாங்கப்பா." அதில் அவருக்குக் கோபம்கூட இல்லையாம்.

இதையெல்லாம் இளம் அதிகாரியிடம் சொல்லவில்லை. வரலாற்றை எழுதினேன். பதவி அறுபடாமல் வந்தது என்று உறுதியாகச் சொல்லி, 412ஐயும் 413ஐயும் சான்று காட்டினேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இத்தொடர்ச்சியை மறுத்து ஒரு முன்னாள் சேவையாளருக்கு இவ்வலுவலகத்திலிருந்து குறிப்பு அனுப்பப்பட்டது. அது பிழை, எழுதியவன் நான்.'

மூன்று மாதம் கழித்து மலர் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் வாசலில் நிற்கும்போதே பிரித்துப் பார்த்தேன். வழவழப்பான தாள். 412உம் 413உம் கொட்டை எழுத்தில் இருந்தன. கடைசி வரி இல்லை. இடம் போதவில்லை போலும். நானும் எத்தனையோ வரிகளை அப்படி வெட்டியிருக்கிறேன். நடைமுறையில் குறை காண முடியாது.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். 'பிரதம எழுதுவினைஞர், பதுளை' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். நான் அந்தப் பதவியை விட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. பதுளையில் அப்படி ஒரு பதவி எங்கள் அலுவலகத்துக்கு இருந்ததே கிடையாது. திருப்பி அனுப்ப வேண்டிய உறை. அச்சிட்ட வரியை நீலப் பேனாவால் வெட்டி, மேலே என் பெயரை எழுதியிருந்தார்கள்.

"இது யார் எழுதினது?" என்று தபால்காரரிடம் கேட்டேன்.

"நான்தான் சார். கொழும்பு ஆபீஸ்ல இருந்தவரு இங்க நீங்க ஒருத்தர்தானே. ஆளத் தெரியுது, பெறகு எதுக்குத் திருப்பி அனுப்பணும்?" என்று சொல்லிக் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினார்.

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.