கதவடி மேசை

பார்க்டேலில் உள்ள அந்த ஆர்ஜென்ரீன உணவகத்துக்கு முப்பது வயதாகிறது. விறகுத் தணலில் வாட்டும் மாட்டிறைச்சி ஸ்ரேக்கால் வந்த பெயர். பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் முதலாளி ஒராசியோவின் கைப்பக்குவம் என்று புளுகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே பதினொரு வருடமாகக் கோப்பை கழுவுகிறவன் நான். ஒராசியோ தணலுக்குக் கிட்டப் போவது படம் எடுக்க மட்டுந்தான்.

வாட்டுகிறவர் தியாகலிங்கம் அண்ணை. இருபத்தாறு வருடமாக அவர்தான். யாழ்ப்பாணத்துச் சைவர், மாட்டிறைச்சியை ஒருநாளும் வாயில் வைத்தவரல்ல. விரலால் ஒருதரம் அழுத்தி, உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடுப்பு சுவரோடு இருப்பதால் சாப்பிட வருகிறவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரியும்.

வீட்டில் மனைவி யோகமலர் அக்கா சாமியறை வைத்திருந்தார். வேலையால் போனதும் அண்ணை பேஸ்மென்ற் வாசலால் இறங்கி, முழுகிவிட்டுத்தான் மேலே ஏறவேண்டும். துவாயும் சாரமும் அங்கே மடித்து வைத்திருக்கும்.

“என்ரை வேலை அவவுக்கு அரியண்டமடா, அருவருக்கிறா” என்பார் என்னிடம். அதனால் அக்காவை ஒருநாளும் உணவகத்துக்குக் கூப்பிடவில்லை. உணவகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விருந்துக்கு நாங்கள் எல்லோரும் குடும்பத்தோடு போனோம். அண்ணை மட்டும் தனியே வந்து, மனைவிக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னார்.

போன மாசியில் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு, அண்ணையும் நானும் இருக்க, அக்காவின் சிநேகிதி கோணேஸ்வரி மெல்லக் கதையைத் தொடங்கினார்.

“அண்ணை, நானும் மலரும் ஒருக்கா உங்கட கடைக்கு வந்தனாங்கள்.”

“விசர்க் கதை. அவ அங்கை வரமாட்டா.”

“ஆர் சொன்னது? நீங்கள் கூப்பிடுவியள் எண்டு எத்தினை வருசம் பாத்துக்கொண்டிருந்தவ. தனக்கு இங்கிலீசு வராது, கூட்டிக்கொண்டு போக உங்களுக்கு வெக்கமாக்கும் எண்டு நினைச்சவ.”

“அப்ப அந்த முழுக்கு?”

“அது சாமியறைக்கு அண்ணை. உங்களை ஆர் அரியண்டம் எண்டது?”

அண்ணையின் வாய் கோணியது. “வந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.”

“நான் எழும்பினனான். ‘வேண்டாமடி, அவர் வேலை செய்யட்டும், இதிலை இருந்தே பாப்பம்’ எண்டு கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா. கதவடி மேசையிலை ரெண்டு மணித்தியாலம் இருந்தனாங்கள். ஒரு கோப்பை உருளைக்கிழங்கு. இப்ப திரும்புவார், இப்ப திரும்புவார் எண்டு பாத்தவ.”

அண்ணை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த கிழமை வேலைக்கு வந்தார். இப்போது ஒவ்வொரு ஸ்ரேக்கையும் புரட்டிவிட்டு, ஒருதரம் திரும்பி அந்த மேசையைப் பார்க்கிறார். அதில் யார் யாரோ இருந்து சாப்பிடுகிறார்கள்.