தொபுக்கடீர் உட்கார்ந்த கதை

நாற்காலியின் நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். ஆடாத நாற்காலி என்றால் முகம் வாடிவிடுகிறது. ஐம்பது வருடம் நாடக மேடையில் விழுந்தே பெயரெடுத்த மனிதர். தபால்காரர் முதல் சொந்தப் பேத்தி வரை எல்லோருக்கும் அவர் 'தொபுக்கடீர்'தான். மருந்துக் கடைச் சீட்டிலும் அதே பெயர்.

பதினேழு வகையாக விழுவார். கையில் தேநீர்க் கோப்பையோடு மல்லாக்க விழுவது தனி ரகம். ஒரு சொட்டு சிந்தாது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "நான் எங்கய்யா விழுந்தேன்? தரைதான் எந்திரிச்சு வந்துச்சு!" என்பார். கொட்டகை அதிரும். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு குலுங்குகிறது.

சிரிக்காதவர் ஒரே ஒருவர், அவர் மனைவி. "விழுறது இவரு. தைலம் தேய்க்கிறது யாரு? இதுல சிரிப்பு வேறயா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். இந்த அம்மாளை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்பது தொபுக்கடீரின் நாற்பத்தாறு வருட ஆசை. கல்யாண மேடையிலேயே விழுந்து பார்த்திருக்கிறார். மாமனார்தான் சிரித்தாராம்.

போன மாதம் எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர், இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு தேறாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அம்மாள் கம்பளங்களைச் சுருட்டிப் பரணில் போட்டார். தனக்கு எடுக்கும் பாராட்டு விழாவின் அழைப்பிதழோடு இவர் அம்மாளிடம் போய், "கடைசியா ஒரே ஒரு தடவை விழுந்துக்கிறேனே?" என்று கெஞ்சினார்.

"விழுந்தீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அண்ணன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மனிதர் அதற்கும் பயந்தார்.

விழாவன்று கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேடை ஏறினார். இந்தப் படியில் விழுவார், அடுத்த படியில் விழுவார் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. அவர் நாற்காலியை ஆட்டினார், ஒரு சுற்று சுற்றி வந்தார், மெல்ல அமர்ந்தார். ஒன்றுமே ஆகவில்லை. ஒரு நொடி திகைத்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

என் பக்கத்து இருக்கையில் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். அம்மாள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "பாருங்களேன், என்னமோ முட்டை மேல உக்கார்ற மாதிரி!"

மேடையிலிருந்து அவர் அதைப் பார்த்துவிட்டார். விழாத் தலைவர் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டார். மனைவியையே பார்த்தபடி நாற்காலியை ஆட்டிவிட்டு, மறுபடியும் மிகப் பத்திரமாக உட்கார்ந்தார்.