அவரை முதல்முதலாக ஏசிய நாள்

என் வீட்டுக்காரருக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கல்லிடைக்குறிச்சி நெல் மில்லில் மெஷினோடு போட்டி போட்டுப் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. "உப்பு எங்கன இருக்கு?" என்று அவர் அடுப்படியில் நின்று கேட்டால், அடுத்த வீட்டுக்காரி ஜாடியைத் தேடுவாள்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் அந்தக் குரல் கேட்டாலே என் முதுகு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு இது இரண்டாவது கல்யாணம். முதலாவது வள்ளியூரில். அந்த ஆளிடம் பட்டதை எல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. அடி வாங்காத வாரம் கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கோர்ட்டில் தீர்த்துவிட்டு வந்து அக்கா வீட்டில் இருந்தேன். அக்காதான் இந்த வரனைப் பார்த்தாள். "நல்ல மனுசன்" என்றாள். முதலாவது ஆளைப் பற்றியும் ஊர் அப்படித்தான் சொல்லியிருந்தது.

இவருக்கு விஷயம் எல்லாம் தெரியும். நான் ஒடுங்குவதைப் பார்த்துவிட்டு முதலில் குரலைக் குறைத்தார். பிறகு பேச்சையே குறைத்தார். செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார். பாவம், நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். எனக்கு அது அதைவிடக் கொடுமையாக இருந்தது. வள்ளியூர்க்காரன் கத்தவும் செய்வான், ஆனால் கத்தலோடு போன நாளும் உண்டு. பேச்சு நின்றுவிட்டால் அடி நிச்சயம். அதனால் இவர் வாய் திறக்காமல் இருந்தபோதெல்லாம் அடுப்படியில் நின்று இவர் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் தாங்காமல் நானே சொன்னேன். "நீங்க சத்தமாவே பேசுங்க. பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"சரி பிள்ள, இனி பேசுதேன்" என்றார். பையத்தான் சொன்னார், அதுவே வாசல் வரை போயிற்று. அன்றிலிருந்து மில்லில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது எல்லாம் முழுக் குரலில் வீட்டுக்குள் வந்தன.

பயம் குறைந்தது, போகவில்லை. இரண்டு வருஷமாக அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. குழம்பு எப்படி என்று கேட்டால்கூட அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். நல்ல மனிதர் என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? கோபம் வந்தால் இவர் என்ன ஆவார் என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாமல் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

போன சித்திரையில் கூழ்வற்றல் போட்டேன். விடிவதற்குள் எழுந்து மாவைக் கிண்டி, மாடியில் பழைய வேட்டியை விரித்து, கை கடுக்கக் கடுக்கப் பிழிந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு சடங்கு வீடு. அவருக்கு மில் லீவு.

"மழ வந்தா அள்ளிருங்க" என்றேன்.

"நான் இருக்கேன்லா, நீ போய்ட்டு வா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டமும் நடையுமாக வந்து மாடிப்படி ஏறினால், வேட்டி முழுக்கக் கூழ். ஒரு வற்றல்கூடத் தேறவில்லை. கீழே வந்து பார்க்கிறேன், இவர் வாய் பிளந்து தூங்குகிறார். நெஞ்சின் மேல் போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "ஒரு வேல, ஒரே ஒரு வேல சொல்லிட்டுப் போனேன்! மழ பெய்யுதது கூடவா காதுல விழல? மில்லுச் சத்தத்துல காது செத்தா போச்சு? கண்ணு அவிஞ்சா போச்சு?" என் குரலும் சின்னதில்லை என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. இரண்டு வருஷமாக நான் பார்க்கப் பயந்த கோபம் அதுதான். என் கை தானாக முகத்துக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. விரலிடுக்கில் பார்த்தேன். அவர் எட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஒறங்கிட்டேன், தப்புத்தான். அதுக்குன்னு கண்ணு அவிஞ்சு போச்சான்னா கேப்பாவ? எனக்குக் கோவம் வருதுல்லா!" அதே பெரிய குரல். பிறகு சொன்னார்: "கைய எறக்கு பிள்ள. என் கோவம் இவ்வளவுதான்."

இவ்வளவுதானா? நான் காத்துப் பார்த்தேன். வேறு ஒன்றும் வரவில்லை. அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. அழுகையும் வந்தது.

"ஏசி முடிச்சிட்டியா, இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

மீதியையும் ஏசினேன். இடையில் அவரும் எதிர்த்துப் பேசத்தான் செய்தார். நான் விடவில்லை.