பக்கத்து வீட்டு சைக்கிள்

அப்பா பத்லி. தொழிற்சாலையில் யாராவது வராமல் போனால்தான் அவருக்கு அன்றைக்கு வேலை, அன்றைக்குக் கூலி. சங்கு ஊதும்வரை கேட்டில் நிற்பார். ஆள் குறையாவிட்டால் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே கொண்டுவந்துவிடுவார். அதைப் பிள்ளைகள் ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். அம்மா வயிற்றில் ஆறாவது.

மல்லாபூரில் எங்களுக்கு அடுத்த வீட்டு மாமா, அதே தொழிற்சாலை ஷெட்டில் பர்மனென்ட். அவருக்கு ஒரே பிள்ளை. லீவு போட்டால் அவருக்கும் சம்பளம் போகும். ஆனாலும் சில நாள் சைக்கிளை எடுக்கமாட்டார். படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்தபடி, "முட்டி வலிக்குது தம்பி, இன்னிக்கு நக்கோ, வேணாம். நீ போ" என்று அப்பாவை அனுப்புவார்.

அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "அந்த முட்டிக்கு நல்லாத் தெரியுது, யார் வீட்ல அடுப்பு எரியலைன்னு!"

நான் மூத்தவள், ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு இப்படியே வேலை குறைந்தால், பிரசவம் முடிந்ததும் அம்மா ஊறுகாய் கம்பெனிக்குப் போவாள், குழந்தையை நான்தான் பார்க்கவேண்டும் என்று வீட்டில் பேச்சு. அதனால் பல் தேய்க்கும்போதே எட்டிப் பார்ப்பேன். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தால் எனக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று மனசுக்குள் ஒரு கணக்கு. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் மேலே பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

அந்த மழைக்காலத்தில் மாமாவின் தம்பி, குடியாத்தத்தில் தறி நின்றுபோய், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். ஒரு சம்பளத்தில் ஒன்பது வாய். அப்புறம் சைக்கிள் ஒரு நாளும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கும் போனது.

ஒரு காலையில் தாங்கமாட்டாமல் கேட்டேன்.

"மாமா, முட்டி எப்படி இருக்கு?"

பெடலில் வைத்த காலை எடுக்காமல் நின்றார். "வலிக்குதும்மா" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஹவ், ஆமா, ரொம்பவே வலிக்குது." ஏறிப் போய்விட்டார்.

தம்பி பிறந்தான். அம்மா கம்பெனிக்குப் போனாள். என் புத்தகங்களை, மாமாவுடைய தம்பி மகளுக்கு அம்மாவே கொடுத்துவிட்டாள். அவளும் ஏழாவதுதான். முதல் நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு என் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். நானும் தம்பியின் மூக்கைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சங்கு ஊதினால் தெருவில் ஈ காக்கை இருக்காது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்ப்பேன். ஹேண்டில் சாய்ந்து சாய்ந்து சுண்ணாம்பில் விழுந்த கறுப்புத் தழும்பு மட்டும் அந்தச் சுவரில் இருந்தது.