படகிலும் ஒரு குசினி

அக்காவை ஒரு நாளாவது சும்மா உட்கார வைக்க வேண்டும் என்றுதான் படகுப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். செவ்வாய்க்கிழமை அவள் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போகிறாள். "போகாதே" என்று சொல்ல எனக்கு ஒரு மணிநேரம் அவள் தனியாகக் கிடைத்தால் போதும். ஹேவாஹெட்டையில் அவள் வீட்டில் அது நடக்காது. எப்போது போனாலும் குசினியில் அடுப்பைப் பார்த்து நிற்கும் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குக் கூட்டிப்போனால் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போய்விடுவாள். படகில் என்ன செய்வாள், தண்ணீரையா கிண்டுவாள்?

திகனப் பக்கம் பல வருஷமாகச் செடி மூடிக் கிடந்த கால்வாயைத் தூர்வாரி, நீளமான ஒடுக்கமான படகு விட்டிருந்தார்கள். காலையில் ஏறினால் மாலையில் இறங்கலாம். சனிக்கிழமை நான், அக்கா, மச்சான், அவர்களுடைய மகள் நால்வரும் போனோம். ஒன்பது மணிக்குப் படகு. ஒன்பதுக்குத்தான் ராகுகாலமும் ஆரம்பம். மச்சான் அதற்கும் வழி வைத்திருந்தார். எட்டே முக்காலுக்கே சாப்பாட்டுக் கூடையைப் படகுக்கு அனுப்பிவிட்டு, "பயணம் தொடங்கியாச்சு, இனி ராகு ஒண்ணும் செய்யாது" என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"சாப்பாட்டுக் கூடை எங்க, நானா?" என்று அக்கா படகுக்கார முஸ்லிம் அண்ணனிடம் கேட்டாள்.

"பின்னுக்கு குசினி ஈக்கி. அங்க வெச்சீக்கேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. படகில் குசினி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கூடை போன வழியே அக்காவும் போனாள். "பாத்துட்டு வந்துர்றேன் புள்ள" என்றவள் வரவே இல்லை. கேஸ் அடுப்பு, கேத்தல், தேயிலை எல்லாம் அங்கே இருந்தன. முதல் சுற்றுத் தேத்தண்ணி வந்தது. "இப்பிடி பிளேன்டி குடிச்சு கன நாள்" என்று படகுக்காரர் புகழ்ந்தார். அவரைக் கால்வாயில் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன்.

கரையில் நாணல், நீர்க்காகம், துணி துவைக்கும் பெண்கள். அக்கா அதையெல்லாம் ஒரு தட்டளவு ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால்தான் உண்டு. மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "அம்மா, வடை" என்பாள். மச்சான் கப்பை மட்டும் நீட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கெல்லாம் கை இல்லையா மச்சான்?"

"அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது புள்ள. இருந்தா தல வலிக்குதுங்கிறா."

எல்லாருக்கும் வசதியான தலைவலி.

மத்தியானம், தண்ணீரை நிரப்பிப் படகை மேல்மட்டத்துக்கு ஏற்றிவிடும் ஒரு மதகில் நின்றோம். தண்ணீர் மட்டம் ஏறியும் கதவு திறக்கவில்லை. ஏதோ கட்டை சிக்கியிருந்தது. படகுக்காரர் கரையில் குதித்தார். வேடிக்கை பார்க்க மச்சானும் மகளும் இறங்கினார்கள். கடைசியில் நானும் அக்காவும் மட்டும்.

குசினியில் ஒருவர்தான் நிற்கலாம். நான் வாசலில் நின்றேன். அவள் கப் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"என்னா புள்ள?"

திரும்பிவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. வருஷக்கணக்காக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் எதிரே இருந்தது. "போகாம என்னா செய்ய, நீ சொல்லு" என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டால் என்னிடம் பதில் இருந்ததா? இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்துபோனேன்.

"ஒண்ணுமில்ல. தல வலிக்குது. தேத்தண்ணி இருக்கா?"

அவள் முகம் மலர்ந்தது. "இஞ்சி தட்டிப் போடவா?" என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள். மறுபடியும் முதுகு. தேத்தண்ணி வருவதற்குள் கதவு திறந்து, எல்லாரும் ஏறிவிட்டார்கள். மாலைவரை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் யார்மேல் என்று அவர்களுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம். இரண்டே முக்காலுக்கே மச்சான் அவள் பெட்டியைத் தூக்கி வாசலில் நின்ற வேனில் வைத்துவிட்டார். ராகுகாலம் முடிய நாலரை ஆகும். அதுவரை அக்கா வீட்டில்தான் இருந்தாள். நான் கேட்டது ஒரு மணிநேரம்தான். அவள் குசினிக்குள் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள். நானும் ஒரு கப் வாங்கிக் குடித்தேன்.