கிபோய்க்குச் சூடான களி

லுசம்பாவின் மரவள்ளி மாவுக்கு ஊரில் தனிப் பெயர் உண்டு. க்விலு ஆற்றின் கிளையோடையில், மர நிழல் விழும் இடமாகப் பார்த்துக் கிழங்கை ஊறப்போடுவாள். நச்சு இறங்கிப் பஞ்சாக மெத்தென்று ஆனதும் எடுத்துக் காயவைத்து இடிப்பாள். அந்த மாவில் கிண்டிய களி தொண்டையில் நிற்காமல் வழுக்கும். ரத்தம் குடிக்கும் செட்சி ஈக்கும் அதே நிழல்தான் பிடிக்கும். இடுப்பளவு நீரில் நிற்கும்போது, கத்தரிக்கோலை மூடினாற்போல் இறக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்தபடி தோளில் வந்து உட்காரும். குத்திய பிறகுதான் தெரியும்.

ஆனால் அந்த ஈ பரப்பும் நோய் பிடித்தது கூடை தூக்க வந்த அவள் கணவன் கிபோயை. பகலில், வாயில் வைத்த கவளத்தை மெல்லக்கூட மறந்து அப்படியே கண்ணயர்ந்தான். இரவெல்லாம் முழித்திருந்து, செத்துப்போன அப்பாவோடு சண்டை போட்டான். சூனியம் என்றது ஊர். சுகாதார நிலையத்தில் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்த்து, தூக்க நோய், மூளைப் பக்கம் போகத் தொடங்கிவிட்டது என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தது. நோயாளிக்கு வீட்டார்தான் சமைத்துப் போட வேண்டும். நிலைய முற்றத்து மாமரத்தடியில் லுசம்பா அடுப்பு மூட்டினாள்.

அங்கேதான் வந்தது வினை. தூக்க நோய்க்கான மருந்து உடம்பில் இருக்கும்வரை சூடாக எதையும் தின்னக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மாத்திரை வருமுன், பழைய ஊசி நரம்பில் தீயாய் இறங்கிய காலத்தில் வந்த கட்டுப்பாடு அது. கிபோயின் அக்கா முந்தோ, பானைக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

“ஆறட்டும்டி. கல்லு மாதிரி ஆறட்டும். எங்க சித்தப்பாவுக்குச் சுடச்சுடக் குழம்பு ஊத்திக் கொன்னவளை இன்னிக்கும் ஊரு ஏசுது.”

ஆறிய களியைக் கிபோய் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுத் தள்ளிவிடுவான். வெறும் வயிற்றில் மாத்திரை போகும். போன வேகத்தில் வாந்தியாக வெளியே வரும். நர்ஸ் பெம்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“வயிறு நிறையாம இந்த மாத்திரை வேலை செய்யாதும்மா. இப்படியே போனா அதுங்க உள்ளேயே குடித்தனம் பண்ணும்.”

“எதுங்க?”

பெம்பா, காலையில் எடுத்த கிபோயின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து லுசம்பாவைப் பார்க்கச் சொன்னார்.

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு கூழாங்கல் பரப்பினாற்போல் வட்ட வட்டமாக ஏதோ. நடுவே ஒன்று துடித்தது. வெள்ளி நூலிழை ஒன்று, ஓரமெல்லாம் அலையாக நெளிய, வட்டங்களை முட்டி விலக்கிக்கொண்டு போனது. கை இல்லை, கண் இல்லை. மறைந்தது, திரும்ப வந்தது. லுசம்பா கண்ணை இன்னும் நெருக்கி வைத்தாள்.

“ஆத்தாடி! இது தூங்கவே தூங்காதா?”

“எங்க தூங்குது? உடம்பு இதை அடையாளம் கண்டு அடிக்க வரும்போதெல்லாம் மேல்சட்டையை மாத்திக்கிட்டு வேற ஆளா நிக்கும்.”

ஓடையின் நிழல், ஈயின் எச்சில், தன் மனிதனின் தொலைந்த பகல்கள் எல்லாவற்றையும் அந்த ஓர் இழை கோத்து வைத்திருந்தது. அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே வந்து அடுப்பை ஊதினாள். களி கிண்டி, மரவள்ளிக் கீரையில் கருவாடு போட்டு, கொதிக்கக் கொதிக்க எடுத்துப் போனாள். முந்தோ வாசலை மறித்தாள்.

“என் தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சு, நீதான் கொன்னேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லுவேன்.”

“சொல்லுங்க மதினி. இப்ப வழிய விடுங்க, ஆறிடும்.”

கிபோய் வாசனை பிடித்தான். ஒரு கவளம். இன்னொன்று. கிண்ணம் காலியானது, மாத்திரை உள்ளே போனது. வெயில் மாமரத்தைத் தாண்டும்வரை இரண்டு பெண்களும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வெளியே வரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் சூடாகத்தான். மாத்திரைகள் தீர்ந்த பின் ஒரு உச்சிவெயில். கிபோய் முழித்துக்கொண்டிருந்தான்.

“என்ன புள்ள, என் மூஞ்சில படமா ஓடுது? கீரையில உப்பே இல்ல.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே, இவளுக்கு உப்பு போடத் தெரியாதுன்னு” என்றாள் முந்தோ. சொல்லிக்கொண்டே, அணையப்போன விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.